கவுந்தா யார் தலையில?

ஷரியா ஆடிட்டர் என்றால் நாம் ஒழுக்கமாக இருக்கிறோமா என்று பார்க்க வருகிறவர் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். அப்போது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகியிருந்தது. மண்ணூரில், இரும்புத் தகட்டை அழுத்தி கார் பார்ட் அடிக்கும் ஒரு பிரஸ் ஷெட்டின் பர்சேஸும் ஸ்டோர்ஸும் என் பொறுப்பில் இருந்தன. இத்தனை இருந்தும் நம்பினேன்.

செல்போனில் யாராவது நம்மைக் கூப்பிட்டால் நமக்கும் காசு பிடித்த காலம் அது. முதலாளி ஒரு நாள் காலை வந்தார். மண்ணடியிலிருந்து நாளைக்கு ஷரியா ஆடிட்டர் வருகிறாராம், எல்லாவற்றையும் தயாராக வை என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். எல்லாவற்றையும் என்றால் எதை என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நானே யோசித்தேன். நான் யோசித்தால் என்ன ஆகும் என்று என் மனைவிக்குத் தெரியும். ஷெட்டில் இருந்தவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. பார்த்தவர்கள் கம்ப்ரஸருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பீர் பாட்டில்களை முதலில் சாக்கில் கட்டி வெளியேற்றினேன். அப்புறம் நடிகை சிரிக்கும் காலண்டரைச் சுருட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பயந்தவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. பெரிய பிரஸ்ஸுக்கு மேலே மாட்டியிருந்த பிள்ளையார் படத்தையும் கழற்றி ஆயில் பேரலுக்குப் பின்னால் வைத்தேன். சாயங்காலம் வரைக்கும்தான், கோவிச்சுக்காதே என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வைத்தேன். மத்தியானச் சாப்பாட்டில் முட்டைகூட வேண்டாம் என்று கேன்டீனுக்குச் சொல்லி அனுப்பினேன். சூப்பர்வைசர் செல்வம், மண்ணூர்க்காரர், இதையெல்லாம் இடுப்பில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய் வர்றார்னா பிரியாணி போடுவாங்க. நீ இன்னாடான்னா முட்டைய நிறுத்தினு கீற" என்றார்.

மறுநாள் சுங்குவார்சத்திரத்தில் பஸ் இறங்கி ஷேர் ஆட்டோவில் வந்தார் அவர். அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவரில் சுற்றிய தடிமனான ஜெராக்ஸ் புத்தகம். அறுபதைத் தொடும் வயது இருக்கலாம். பிரஸ்ஸுக்கு எதிரே வந்து நின்று சுவரை அண்ணாந்து பார்த்தார். படம் போன இடத்தில் ஆணியும், ஆணியில் நேற்றைய பூச்சரமும் தொங்கிக்கொண்டிருந்தன. பூவை எடுக்க மறந்திருக்கிறேன்.

"இங்க ஒரு படம் இருந்திருக்கு போல, தம்பி."

துடைக்க எடுத்தோம் என்றேன். சத்தியமாக அந்த நேரத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை. படம் எங்கே என்று கேட்டு அவரே பேரலுக்குப் பின்னால் போனார். தரையில் சாய்த்து வைத்திருந்த படத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார். ஃபோர்க்லிஃப்ட் போய் வரும் வழியில் வைத்திருக்கிறீர்களே, இது இந்த நிமிஷம் உடைந்தால் யார் தலையில் விழும், கம்பெனி தலையிலா உங்கள் தலையிலா என்று கேட்டார். வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். என் தலையில்தான் என்றேன். அப்படியானால் எடுத்து மாட்டுங்கள் என்று சொல்லிவிட்டுக் கம்ப்ரஸர் எங்கே என்று விசாரித்தார்.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்தக் கேள்விதான். ஊர் ஆம்பூர் என்று ஒருவர் சொன்னார், இல்லை, கீழக்கரை என்றார் இன்னொருவர். கூட்டுறவு பாங்க் வேலையை வட்டிக்குப் பயந்து விட்டவர் என்று ஒரு பேச்சு. சவுதியில் சிமென்ட் கம்பெனியில் இருந்தவர் என்று இன்னொரு பேச்சு. அவரிடம் கேட்டால் சொல்லியிருப்பார். ஆனால் அவரிடம் ஒரு கேள்வி கேட்டால் அவர் திருப்பிக் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் யாரும் கேட்கவில்லை.

அவர் கம்பெனி எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். வளைகுடாக்காரர்களின் முதலீடு. ஆபீஸ் மண்ணடியில் ஒரு மாடி. வட்டிக்குப் பணம் தர மாட்டார்கள். நமக்கு மிஷின் வேண்டும் என்றால் அதை அவர்களே வாங்குவார்கள், அதன்மேல் லாபம் வைத்து நமக்குத் தவணையில் விற்பார்கள். பாங்குகள் கையை விரித்த சின்ன ஷெட்டுகள் சில அந்த மாடியேறிப் பிழைத்தன. எங்களுடையதும் அதில் ஒன்று. இந்த வியாபாரத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்று வளைகுடாவில் பெரியவர்கள் கூடி, பல நாட்டுக்கும் பொதுவாக விதிமுறை எழுதியிருந்தார்கள். கவரில் சுற்றியிருந்த ஜெராக்ஸ் அதுதான். அது எவ்வளவோ பக்கம். பாய் புரிந்துகொண்டது ஒன்றே ஒன்று: ஒரு பொருளில் லாபம் வேண்டுமென்றால் அது கொஞ்ச நேரமாவது உன் கையில் இருக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தில் அது உடைந்தால் நஷ்டமும் உன்னுடையதாக இருக்க வேண்டும். அது இல்லாமல் வருகிற லாபத்துக்குப் பெயர் வட்டிதான். கம்பெனி அப்படி நடக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். எங்கள் ஒழுக்கத்தைப் பார்க்க இல்லை. பீர் பாட்டில்கள் வீணாக வெளியே போயின.

அன்றைக்குக் கம்ப்ரஸரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், மாட்டின் முதுகில் வைப்பதுபோல. அப்புறம் குனிந்து பெல்ட்டைப் பார்த்தார். வாங்கி இரண்டு மாசம்தானே ஆகிறது, அதற்குள் பெல்ட் இப்படித் தேயுமா என்று கேட்டார். எனக்கு வியர்த்தது. அந்தக் கம்ப்ரஸர் ஒரு வருஷமாகவே எங்களுடையது. கையில் பணம் வேண்டும் என்று அதையே மண்ணடிக் கம்பெனி புதிதாக வாங்கி எங்களுக்கு விற்றதுபோல முதலாளியும் அந்தக் கம்பெனி மேனேஜரும் பேசி முடித்திருந்தார்கள். பெல்ட் ரொம்ப மட்டமான பெல்ட் என்றேன். பெல்ட் நல்ல பெல்ட்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் எழுதிய அறிக்கையால், கம்ப்ரஸரில் கம்பெனி சம்பாதித்த லாபம் மொத்தமும் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குத் தர்மமாகப் போய்விட்டது. முறையில்லாமல் வந்த லாபத்தைக் கம்பெனி வைத்துக்கொள்ளக் கூடாது, நல்ல காரியத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. மேனேஜர் அதற்குப் பிறகு எங்களைப் பார்த்தால் சிரிப்பதை நிறுத்திவிட்டார். புது பிரஸ் ஒன்று வாங்கித் தரும்படி கம்பெனியிடம் கேட்டிருந்தது மாசக் கணக்கில் தள்ளிப்போனது. வயிற்றில் அடிக்க வந்த ஆள் என்று முதலாளி அவருக்குப் பெயர் வைத்தார். நான் அவர் வருகிற நாளில் லீவு போட முடியுமா என்று யோசித்தேன். மூன்று மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவார் என்றாலும், எந்த மூன்றாவது மாசம் என்று சொல்ல மாட்டார்.

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் டீக்கடையில் அவருக்கு ஒரு சண்டை உண்டு. பார்சல் டீக்குக் காசு கொடுத்துவிட்டு நின்றார். மாஸ்டர் பாக்கெட்டை நீட்டும்போது அது நழுவித் தரையில் விழுந்து உடைந்தது. இன்னொரு டீக்கு மாஸ்டர் காசு கேட்டார். பாய் கொடுக்க மாட்டேன் என்றார். என் கைக்கு வரவில்லை, நீ நீட்டினாய், நான் வாங்கவில்லை, அது உன் டீ என்றார். வரிசையில் நின்ற நைட் ஷிப்ட் பையன்கள் பாயா மாஸ்டரா என்று ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துவிட்டார்கள். கடைசியில் மாஸ்டர் திட்டிக்கொண்டே இன்னொரு பாக்கெட் கட்டிக் கொடுத்தார். பாய் அதை வாங்கிக்கொண்டு நாலடி நடந்தார். கைப்பிடி நூல் அறுந்து அதுவும் விழுந்தது. பஸ் ஸ்டாப்பே சிரித்தது. பாய் திரும்பி வந்து, மறுபேச்சுப் பேசாமல் இன்னொரு டீக்குக் காசை எண்ணி வைத்தார். மாஸ்டர் வேண்டாம் என்றார். "வாங்குங்க. இது என் கையில உடைஞ்சது" என்றார்.

அவரோடு பஸ்ஸில் ஏறினால் அது வேறு அவஸ்தை. பூந்தமல்லி பஸ்ஸில் ஒரு தடவை, ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்த ஆளும் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்ட ஆளும் அடித்துக்கொள்ளாத குறை. பாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. துண்டு உட்கார்ந்திருக்கிறது, ஆள் இன்னும் கீழே நிற்கிறார், இப்போது சீட் யாருடையது என்று என்னைக் கேட்டார். கண்டக்டரைக் கேட்டார். துண்டு போட்டவரையே கேட்டார். துண்டு போட்டவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உங்கள் கம்பெனியும் எங்கள் மிஷின் மேல் துண்டு மட்டும்தான் போடுகிறது, உட்காருவதே இல்லை என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். குன்றத்தூர் ரோடு பிரியும் வரைக்கும் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வாரம் முழுக்க அவரைப் பற்றிப் பயப்படவில்லை.

அவர் அடுத்த தடவை வந்தபோது பயப்பட வேண்டி வந்தது.

புது பிரஸ்ஸுக்குக் கடைசியில் வழி பிறந்திருந்தது. கொரியாவில் ஒரு பாக்டரி கழித்துவிட்ட பிரஸ். பெரியது. அது வந்தால் கார் கம்பெனிக்குப் போகும் பெரிய பார்ட் ஒன்று எங்களுக்குக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் சின்ன சின்ன பிராக்கெட் அடித்துக்கொண்டே ஷெட் ஒரு நாள் படுத்துவிடும். முதலாளி குன்றத்தூர் வீட்டைத் தவணைக்கு ஈடாகக் கொடுத்திருந்தார். அந்த ஒரு பிரஸ் மேல் அவர் வீடு நின்றது, நாற்பது பேர் சோறு நின்றது, என் சோறும் நின்றது.

கப்பல் தாமதமானது. கார்த்திகை முடியப் போகிறது. மார்கழி பிறந்தால் முதலாளி எதையும் புதிதாக வாங்க மாட்டார், ஒரு ஸ்பேனர்கூட வாங்க மாட்டார். தை வரைக்கும் காத்திருந்தால் கார் கம்பெனி ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால், பிரஸ் எப்போது வேண்டுமானாலும் வரட்டும், விற்பனைப் பத்திரத்தைக் கார்த்திகையிலேயே எழுதிவிடலாம் என்று மேனேஜரிடம் கேட்டார். மேனேஜருக்கு அதில் கஷ்டமில்லை. டிசம்பர் கணக்கில் ஒரு விற்பனை ஏறும். கார்த்திகை கடைசி நாள் நல்ல நேரம் பார்த்து மண்ணடி மாடியில் கையெழுத்தானது. கற்கண்டு கொடுத்தோம். அன்றைக்கு அந்தக் கம்பெனி கொரியாக்காரனுக்கு இன்னும் பணமே கட்டியிருக்கவில்லை. கட்டினால்தான் கப்பல் சரக்குக்கான சீட்டு அவர்கள் கைக்கு வரும், சீட்டு வந்தால்தான் சரக்கு அவர்களுடையது. தங்களுடையது ஆகாத ஒன்றைத்தான் அன்றைக்கு எங்களுக்கு விற்றார்கள். எங்களில் யாரும் அதை நினைக்கவில்லை. எங்களுக்கு மாதம் முக்கியமாக இருந்தது.

மார்கழி பிறந்து பாய் வந்தார். அதற்குள் கம்பெனி பணம் கட்டி, சீட்டு வாங்கி, பிரஸ் துறைமுகத்தில் இறங்கியிருந்தது. வெளியே மழை. பிரஸ் நிற்க வேண்டிய இடத்தில் கான்கிரீட் மேடை தயாராக இருந்தது. பாய் அந்த வெற்று மேடையைச் சுற்றி வந்தார். எப்போது வருகிறது என்று கேட்டார். செல்வம் உற்சாகத்தில் இருந்தார்.

"வந்துரும் பாய். மார்கழி பொறக்கறதுக்கு முன்னாலயே எழுதி முடிச்சிட்டோம், அதான் கவலையே இல்ல."

பாய் நடையை நிறுத்தினார். எழுதி முடித்துவிட்டீர்களா, எப்போது என்று மறுபடி கேட்டார். கார்த்திகை கடைசி நாள் என்று செல்வம் சொன்னார். பாய் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ ஹார்பர்லேர்ந்து வர்ற வழியில அது கவுந்தா யார் தலையில?"

செல்வம் தரையைத் தட்டி வாயைக் கழுவச் சொன்னார். ரூமிலிருந்து வெளியே வந்த முதலாளி அப்படியே நின்றுவிட்டார். பாய் அவரிடம் நிதானமாகத்தான் பேசினார். அந்தப் பத்திரம் செல்லாது, கிழித்துப் போடுங்கள், பிரஸ் இங்கே இறங்கட்டும், இறங்கியதும் கம்பெனி உங்களுக்கு விற்கட்டும், அப்போது எழுதுங்கள், அதுவரைக்கும் பொறுப்பு அவர்களுடையது என்றார். முதலாளி முடியவே முடியாது என்றார். மார்கழியில் வீட்டை வைத்து மிஷின் வாங்குவதாக எழுதிக் கொடுக்க மாட்டேன் என்றார். இரண்டு பேரும் அவரவர் நம்பிக்கையில் உறுதியாக நின்றார்கள். நடுவில் நான் டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பாய் கேட்டார். கப்பலுக்கு இருந்தது. துறைமுகத்திலிருந்து எங்கள் ஷெட் வரைக்கும் கம்பெனி போட்டிருக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். விற்றாகிவிட்டதே, வாங்கியவர்கள் போட்டிருப்பார்கள் என்று கம்பெனி நினைத்திருந்தது.

பாய் அன்றைக்கே மண்ணடிக்குப் போய் இதைச் சொல்லியிருக்கிறார். மேனேஜர் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாராம்.

டிரைலர் அதற்கு முன்பே புறப்பட்டுவிட்டது. ஹைவேயை விட்டு மண்ணூர் ரோட்டில் திரும்பியதும் ஏரிக்கரை. மழையில் ஊறிய மண் ஒரு பக்கம் இறங்கியது. டிரைலர் மெதுவாக, அவசரமே இல்லாமல், தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தது என்று டிரைவர் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது டயர்கள் ஆகாயத்தில் இருந்தன. பிரஸ் பாதி தண்ணீருக்குள். நல்லவேளை, டிரைவருக்கு ஒரு கீறல்கூட இல்லை, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தார். முதலாளி ஒரு மைல் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். "போச்சுய்யா" என்று ஒரு தடவை சொன்னார்.

நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். குடையைப் பிடித்துக்கொண்டு, பிரஸ் நனைகிறது, தார்ப்பாய் கொண்டு வாருங்கள் என்று கத்தினேன். ஏரிக்குள் கிடக்கும் பிரஸ்ஸுக்குத் தார்ப்பாய். செல்வம் என்னை ஓரமாக அழைத்துப் போய் உட்கார வைத்தார். அங்கேதான் அந்தப் பேச்சு ஆரம்பித்தது. பாய்க்குக் கரிநாக்கு. அவர் சொன்னார், நடந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் ஷெட் முழுக்க அதுதான் பேச்சு. படித்தவன் நான் அதை மறுத்திருக்க வேண்டும். நான் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து ஸ்டோர்ஸ் வாசலில் கட்டினேன்.

பாய் தகவல் தெரிந்து அன்றைக்கு மத்தியானமே ஏரிக்கரைக்கு வந்தார். ஆட்கள் விலகி வழி விட்டார்கள், மரியாதையால் இல்லை. அவர் முதலில் டிரைவரிடம் போய் அடி ஏதும் உண்டா, சாப்பிட்டாயா என்று கேட்டார். பிறகு செருப்பைக் கழற்றி, பேன்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று, பிரஸ்ஸின் பக்கவாட்டில் இருந்த நம்பர் பிளேட்டின் சேற்றைக் கட்டை விரலால் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். அதிலிருந்த எண்ணைச் சத்தமாகப் படித்தார். இதுதானா என்று கரையில் இருந்த என்னைக் கேட்டார். அதுதான் என்றேன். பிரஸ்ஸின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மழையில் கொஞ்ச நேரம் நின்றார். "இன்னா மனுசன் பா இவன்" என்றார் செல்வம். அவர் குரலில் கோபமா வேறு எதுவுமா என்று எனக்குப் புரியவில்லை.

கரையேறியவரிடம், உங்களுக்குக் கரிநாக்கு என்று சொல்கிறார்கள் என்று நான் சொல்லிவிட்டேன். எனக்கு வாய் நிற்காது. "நான் கேக்காம இருந்திருந்தா ரோடு காஞ்சிருக்குமா, தம்பி?" என்று கேட்டுவிட்டுச் செருப்பைத் தேடினார்.

மண்ணடி மாடியில் பேச்சுவார்த்தை நடந்தது. முதலாளி, நான், மேனேஜர். பாய் ஓரத்து நாற்காலியில். அவர் அந்தக் கம்பெனியின் ஆள். எங்கள் கம்ப்ரஸரைக் காட்டிக் கொடுத்தவர். வழியெல்லாம் முதலாளி அவரைத் திட்டிக்கொண்டுதான் வந்திருந்தார். மேனேஜர் பத்திரத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். கார்த்திகையிலேயே விற்றாகிவிட்டது, கையெழுத்து உங்களுடையது, அப்புறம் எங்கே கவிழ்ந்தாலும் அது உங்கள் பிரஸ், தவணை தை மாதம் ஆரம்பிக்கிறது என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தண்ணீர் குடியுங்கள் என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் நிஜமாகவே தண்ணீர் குடித்தேன். என் கிளாஸ், முதலாளி கிளாஸ், இரண்டையும். முதலாளி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குன்றத்தூர் வீட்டில் அவர் பெண்ணுக்கு அந்தத் தையில் கல்யாணம் பேசியிருந்தார்கள்.

பாய் கவரிலிருந்து புத்தகத்தை எடுக்கவில்லை. மேனேஜரிடம் கேட்டார்.

"கார்த்திகையில வித்தீங்க. விக்கும்போது உங்க கையில என்ன இருந்துச்சு?"

ஆர்டர் போட்டிருந்தோம் என்றார் மேனேஜர்.

"ஆர்டர் போட்டது பொருளா? பணம் கட்டல, கப்பல் சீட்டு வரல. இல்லாத பொருளை வித்திருக்கீங்க. அந்த விற்பனை செல்லாது. அப்புறம் பணம் கட்டி வாங்கினது நீங்க. வாங்கினப்புறம் இவங்களுக்கு விக்கவே இல்ல. ஏரியில கிடக்கிறது உங்க பிரஸ்."

மேனேஜர் சிரித்தார். அந்த விதிமுறையெல்லாம் ஒரு வழிகாட்டி, வளைகுடாவில் சில இடங்களில் கட்டாயமாக இருக்கலாம், இங்கே எந்த அரசாங்கமும் அதைக் கேட்கவில்லை என்றார். நம் நாட்டுச் சட்டத்தின் பார்வையில் நாம் கொடுத்திருப்பது கடன்தான், பொருள் என்ன ஆனாலும் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும், கோர்ட்டுக்குப் போனாலும் அதையேதான் சொல்வார்கள் என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரியாகக்கூட இருந்திருக்கும்.

பாய் எழுந்து நின்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"லாபம் எழுதும்போது வியாபாரிங்கறீங்க. கவுந்ததும் கடன் கொடுத்தவன்ங்கறீங்க. ரெண்டுல ஒண்ண இப்ப சொல்லுங்க. கடன்னா, அதுமேல நீங்க வெச்ச லாபத்துக்குப் பேர் என்ன?"

யார் சம்பளத்தில் இருக்கிறீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா என்று மேனேஜர் மெதுவாகக் கேட்டார். ஒண்ணாம் தேதி ஆனால் ஞாபகம் வந்துவிடும் என்றார் பாய். சொல்லிவிட்டு, வளைகுடாவில் இருக்கும் பெரியவர்களுக்கு அறிக்கை இன்றைக்கே பேக்ஸில் போகும் என்றார்.

மாடிப்படியில் முதலாளி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. என் வீட்டைக் காப்பாற்றினீர்கள், என்ன செய்யட்டும் என்றார். பாய் கையை விடுவித்துக்கொண்டார், பட்டென்று இல்லை, ஆனால் விடுவித்துக்கொண்டார்.

"உங்களுக்காக எழுதல. உங்களுக்கு எதிரா வந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். கம்ப்ரஸர்ல எழுதினேன்ல."

முதலாளிக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. உதவி செய்த ஆள் நம் ஆளாக இருக்க வேண்டும் என்றுதான் நாம் எதிர்பார்க்கிறோம். எனக்கும் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அவருக்குப் பிடிக்குமே என்று பஸ்ஸில் சொன்ன துண்டு ஜோக்கை இன்னொரு தடவை சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. மழையில் மண்ணடிக் கூட்டத்துக்குள் நடந்து போய்விட்டார், கவரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு.

மார்கழி முழுக்கப் பதில் வரவில்லை. முதலாளி தினமும் விடிவதற்கு முன் குன்றத்தூர் மலைக் கோயில் ஏறி இறங்கினார். அவருக்கு முழங்கால் வலி வந்தது, எனக்கு அல்சர் வந்தது. பேக்ஸ் மிஷின் சத்தம் போட்டாலே நான் எழுந்து நின்றுவிடுவேன். பெரும்பாலும் அது பேப்பர் தீர்ந்துவிட்டது என்று சொல்லும் சத்தம். ஆர்டர் கைவிட்டுப் போகாமல் இருக்க, கார் கம்பெனிக்கு நாங்கள் தினம் ஒரு பொய் சொன்னோம். செல்வம் எலுமிச்சம்பழத்தை மாற்றிக்கொண்டே இருந்தார். நான் கட்டியதை அவர்தான் விடாமல் பார்த்துக்கொண்டார்.

பொங்கலுக்கு முந்தின வாரம் பதில் வந்தது. பெரியவர்கள் பாய் எழுதியது சரி என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். கார்த்திகை விற்பனை செல்லாது, நஷ்டம் கம்பெனியுடையது, எங்களிடம் ஒரு காசும் கேட்கக் கூடாது. வீட்டுப் பத்திரம் திரும்பி வந்தது. கம்பெனி பிரஸ்ஸை ஏரியிலிருந்து தூக்கி, எடை போட்டுப் பழைய இரும்புக்கு விற்றது. இனி இந்தப் பக்கம் எந்த ஷெட்டுக்கும் மிஷின் வாங்கித் தருவதில்லை என்றும் முடிவெடுத்தது. அந்த மாசக் கடைசியில் பாயை வேலையை விட்டு நிறுத்தினார்கள். இனி எங்கே போவார் என்று மண்ணடியில் கேட்டுப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை.

முதலாளி தை மாதம் வேறொரு பிரஸ் வாங்கினார். முன்பு கையை விரித்த பாங்குகளில் ஒன்று, ஸ்ரீபெரும்புதூரில், அதே வீட்டை வைத்ததும் வட்டிக்குக் கொடுத்தது. கடன் அடைகிற வரைக்கும் அந்த பாங்கிலிருந்து பிரஸ்ஸைப் பார்க்க ஒருவரும் வரவில்லை.